பரிசாகப் போகும் வேட்டை வில்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது?

மரவில் செதுக்கும்போது வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஓரிடத்தில் தெரியும்; காரணம் வேறிடத்தில் இருக்கும். வில்லின் உட்புறத்தில் குறுக்குக்கோடு விழுந்தால் தவறு ஒரு சாண் தள்ளி இருக்கும். வில் கூன் விழுந்தால் தவறு மரத்தின் ஈரத்தில் இருக்கும். நன்றாக அமைந்த வில்லைப் பரிசாக வாங்கியவர் ஒரே வாரத்தில் அதைச் சுவரில் மாட்டிவிட்டால், தவறு மரத்தில் கத்தி படுவதற்கு முன்பே, அளவெடுத்தபோது நடந்திருக்கும். ஆகவே வேலையின் வரிசையை விட்டுவிட்டு அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் வில்லில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

எந்த வில்லைப் பற்றிப் பேசுகிறேன்

அமெரிக்காவின் மத்திய மேற்கில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகும் ஒருவருக்குப் பரிசாகச் செய்யும் வில். ஒரே மரத்துண்டில் செதுக்கியது. நீளம் 66 அங்குலம். நடுவில் வளையாத கைப்பிடி. அதன் மேலும் கீழும் வளையும் பகுதிகளான மேற்கை, கீழ்க்கை இரண்டும் ஒன்றரை அங்குல அகலத்தில் தொடங்கி நுனியில் அரை அங்குலமாகக் குறுகும். 28 அங்குலம் இழுக்கும்போது 45 பவுண்டு எடை காட்டவேண்டும்; வில்லின் எடை என்று சொல்லும்போது நாணை இழுக்கத் தேவைப்படும் விசையைத்தான் சொல்கிறேன். எய்பவரின் முகத்தைப் பார்க்கும் பக்கம் வில்லின் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. வளையும்போது முதுகு இழுபடும், வயிறு நெரிபடும். கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

மரம் ஒசேஜ் ஆரஞ்சு. 1804இல் அமெரிக்க மேற்கை ஆராயக் கிளம்பிய மெரிவெதர் லூயிஸ் செயின்ட் லூயிஸிலிருந்து ஜனாதிபதி ஜெபர்சனுக்கு இதன் கிளைத்துண்டுகளை அனுப்பினார். வில்லுக்காக இந்த மரத்தைத் தேடிப் பூர்வகுடி மக்கள் பல நூறு மைல் பயணம் செய்வார்கள் என்றும் கூடவே எழுதினார். பிறகு கான்சாஸ், மிசூரி பகுதி விவசாயிகள் இதை உயிர்வேலியாக நட்டார்கள். 1870களில் முள்கம்பி வந்தபின் அந்த வழக்கம் குறைந்தது. 1930களின் புழுதிப்புயல் காலத்தில் காற்றுத்தடுப்பு வரிசைகளிலும் இதை வைத்தார்கள். இன்றும் பழைய வயல் ஓரங்களில் இது நிற்கிறது. வரப்பைத் திருத்தும் விவசாயியிடம் மரியாதையாகக் கேட்டால் நேரான ஒரு தண்டு கிடைத்துவிடும். ஹிக்கரி, ஆஷ் போன்ற வெளிர் மரங்களில் செய்கிறவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

இழுப்பதை நிறுத்துங்கள். "இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்போம்" என்பதில்தான் பாதி விற்கள் முறிகின்றன. நாணை மெதுவாகத் தளர்த்தி, வில்லை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து முதுகையும் வயிற்றையும் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வில்லின் முதுகையும் வயிற்றையும் தொடும்படி கைப்பிடியிலிருந்து நுனிவரை நடத்துங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடும் பள்ளமும் விரலுக்குத் தப்பாது.

அரத்தை எடுக்குமுன் ஒரு கணக்கையும் நினைவில் வையுங்கள். அகலத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமனில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். விறைப்பு தடிமனின் முப்படியைப் பின்பற்றுவதே காரணம். வயிற்றுப்பக்கம் நான்கு இழுப்பு அரம் போட்டதும் வில் "திடீரென்று" தளர்ந்துவிட்டது என்று புலம்புவது இதனால்தான். வளைவு ஓரளவு தெரியத் தொடங்கியபின் அரத்தை வைத்துவிட்டுச் சுரண்டு தகட்டுக்கு மாறிவிட வேண்டும்.

மரத்துண்டு காயும்போதே வெடிக்கிறது

வெட்டுமுனைகளின் வழியாக ஈரம் மிக வேகமாக வெளியேறுவதால் முனை சுருங்கி வெடிக்கிறது. மரம் வெட்டிய அன்றைக்கே இரு முனைகளிலும் மரப்பசையோ பழைய பெயின்டோ கனமாகப் பூசிவிட்டால் போதும். பட்டையையும் வெளுத்த புறமரத்தையும் நீக்கியிருந்தால் முதுகு முழுவதும் பூச வேண்டும். ஒசேஜில் பட்டையை விட்டுவைப்பதும் ஆபத்து, அதன் அடியில் துளைப்பான் வண்டுகள் குடியேறிவிடும்.

வெடிப்பு ஏற்கெனவே இருந்தால் அதன் திசையைப் பாருங்கள். இழையோட்டத்தோடு நீளவாக்கில் போகும் வெடிப்பு பெரும்பாலும் பயமில்லாதது. நீர்போன்ற சூப்பர் குளூவை அதற்குள் இறக்கி வேலையைத் தொடரலாம். அகலத்தில் நடுவிலிருந்து தொடங்கிக் கையின் ஓரத்தில் வெளியேறும் வெடிப்பானால், பென்சிலால் வரைந்த வில்லின் உருவத்தையே சற்று நகர்த்தி அதை வெளியே தள்ளப் பாருங்கள். குறுக்கே போகும் வெடிப்பு இருந்தால் அந்தத் துண்டு அடுப்புக்குத்தான்.

முதுகில் நிலப்படக் கோடுகள்போல வளையங்கள் தெரிகின்றன

மேட்டையும் பள்ளத்தையும் காட்டும் நிலப்படக் கோடுகளைப்போல முதுகில் வட்டமும் தீவுமாகத் தெரிந்தால், ஒரே ஆண்டு வளையத்தைப் பின்பற்றாமல் இரண்டு மூன்று வளையங்களை அறுத்துவிட்டீர்கள் என்று பொருள். இழுபடும் பக்கத்தில் இழைகள் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடவேண்டும். அறுந்த இடத்திலிருந்துதான் சிலும்பு கிளம்பும்.

ஹிக்கரி போன்ற வெளிர் மரங்களில் இந்தத் தொல்லை இல்லை. பட்டையை உரித்ததும் கிடைக்கும் பரப்பே முதுகு. ஒசேஜில் அப்படி விடமுடியாது. புறமரத்தை நீக்கி, மஞ்சள் வைரத்துக்குள், அதாவது கெட்டியான உள்மரத்துக்குள் இறங்கி, தடித்த ஒரு வளையத்தைத் தேர்ந்து, வில்லின் முழு நீளத்துக்கும் அதையே முதுகாக வெளிப்படுத்த வேண்டும். இருகைப்பிடிக் கத்தியால் இழைக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆண்டின் வளர்ச்சியிலும் முதலில் வரும் பகுதி துளை நிறைந்தது. கத்தி அதில் ஓடும்போது நறநறவென்று சத்தம் வரும். அடுத்து வரும் கெட்டிப் பகுதியில் சத்தம் அடங்கி, பரப்பு மெழுகுபோல் வழவழக்கும். நறநறப்பைச் சுரண்டி நீக்கி வழவழப்பில் நிறுத்துவதுதான் இந்த வேலை. கணு இருக்கும் இடத்தில் வளையம் மேடாக ஏறி இறங்கும். கத்தியும் அதோடு ஏறி இறங்க வேண்டும். அழகுக்காகக் கணுவைச் சமமாக்கினால் வளையம் அங்கேயே அறுந்துவிடும்.

அறுத்துவிட்டீர்கள் என்றால், தடிமன் மிச்சமிருக்கும்வரை அடுத்த வளையத்துக்கு இறங்குங்கள். அது முடியாதபோது முதுகில் பதப்படுத்தாத தோலையோ லினன் துணியையோ ஒட்டலாம். ஆனால் சிலும்பு எழாமல் அமுக்கிப் பிடிப்பதுதான் அந்த உறையின் வேலை, மோசமான மரத்தை அது நல்ல மரமாக்காது. மானின் தசைநாரை வச்சிரப்பசையில் தோய்த்து ஒட்டினால் அது உண்மையிலேயே இழுவிசையைத் தாங்கும். ஆனால் வாரக்கணக்கில் காயவேண்டும். பிறந்தநாளுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்பவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

ஒரு கை வளைகிறது, மற்றது விறைத்து நிற்கிறது

முதலில் இது பொய்யான அறிகுறியா என்று பாருங்கள். சுவரில் பொருத்திய தாங்கியில் வில்லை வைத்துக் கப்பியால் நாணை இழுத்துப் பார்க்கும்போது, வில் எந்தப் புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது? எய்பவரின் உள்ளங்கை அழுத்தும் இடமும் அந்தப் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும். நாணில் கொக்கி மாட்டும் இடமும் அவர் விரல் வைக்கும் இடமாகவே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று ஓர் அங்குலம் தள்ளியிருந்தாலும், நன்றாக இருக்கும் வில் ஒருபக்கம் சாய்ந்ததுபோலக் காட்டும். அந்தச் சாய்வைச் சரிசெய்யப் போய்ச் சரியான கையைச் சுரண்டியவர்கள் ஏராளம். தளர்வான நீண்ட நாணில் பார்த்தே தீர்ப்பு எழுதுவதும் கூடாது. நுனிகள் ஐந்தாறு அங்குலம் வளையத் தொடங்கியதும் குட்டை நாணேற்றிவிட்டுப் பாருங்கள்.

உண்மையான விறைப்பு என்றால் வளையாத பகுதியைப் பென்சிலால் கோடிட்டு, அந்தக் கோடு மறையும்வரை மட்டும் வயிற்றுப்பக்கம் சுரண்டுங்கள். சுரண்டியபின் இருபது முப்பது தடவை சிறிதளவு இழுத்துவிடுங்கள். மரம் செய்த மாற்றத்தை உடனே காட்டாது. இப்படிப் பழக்கிய பிறகுதான் காட்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஒரு மாற்றம் தெரிவதற்குள் இன்னொரு மாற்றம் செய்து, இரண்டும் சேர்ந்து தெரியும்போது திகைத்துப்போவார்கள்.

வில் சமன்படும்வரை எந்தக் கட்டத்திலும் இலக்கு எடையைத் தாண்டி இழுக்கவே கூடாது. 45 பவுண்டு வில் என்றால் தராசு 45 காட்டும் இடத்தில் நிறுத்துங்கள், அது வெறும் 12 அங்குலமாக இருந்தாலும் சரி. சமன்படாத வில்லை 60 பவுண்டுவரை இழுத்தால் ஏதோ ஓரிடம் மட்டும் அந்தச் சுமையை வாங்கும், வாங்கியதை மறக்காது.

கடைசிச் சமன்பாட்டில் கீழ்க்கை ஒரு நூல் விறைப்பாக இருக்கட்டும். அம்பு எய்பவரின் கைக்கு மேலே இருப்பதால் அவருடைய விசை நடுவில் விழுவதில்லை. நாணேற்றிய நிலையில் கைப்பிடி முடியும் இடங்களிலிருந்து நாணுக்கு உள்ள தூரத்தை அளந்தால், மேற்கையில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கலாம்.

ஓரிடத்தில் மட்டும் மடங்குகிறது

பரிசு விற்களில் அதிகம் பார்க்கும் கோளாறு இது, அவசரத்தில் செய்யப்படுவதால்தான். வளைவு முழுக்கையிலும் பரவாமல் நாலு விரல் அகலத்தில் மட்டும் முழங்கைபோல மடிகிறது. ஆறு அங்குல நேர்ச்சட்டம் ஒன்றை எடுத்து, வளைந்த வில்லின் வயிற்றில் வைத்து மெல்ல நகர்த்துங்கள். சட்டத்தின் நடுவுக்கும் வில்லுக்கும் இடையிலுள்ள இடைவெளி எங்கே சட்டென்று கூடுகிறதோ அதுதான் மடிப்பு. இடைவெளியே இல்லாமல் சட்டம் படிந்து கிடக்கும் இடங்கள் வேலை செய்யாத இடங்கள்.

மடியும் இடத்தைத் தொடாதீர்கள். மணலிட்டு மெருகேற்றவும் வேண்டாம். பல்லக்குத் தூக்குபவர்களில் நாலு பேர் தோளைத் தளர்த்திவிட்டால் ஐந்தாமவர்தான் தள்ளாடுவார். தள்ளாடுகிறவருக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை, மற்ற நால்வரைத் தோள்கொடுக்க வைக்க வேண்டும். மடிப்புக்கு இருபுறமும் விறைத்துக் கிடக்கும் பகுதிகளைச் சுரண்டி, அவையும் வளையும்படி செய்யுங்கள். அந்தக் கை முழுவதும் தளர்ந்ததும் மறுகையையும் அதற்கு ஈடாகத் தளர்த்த வேண்டியிருக்கும். ஆகவே எடை குறையும். 45 பவுண்டு நினைத்த வில் 38இல் வந்து நிற்கலாம். அதை ஏற்றுக்கொள்வது கடினம். ஆனால் ஏற்றுக்கொள்ளாதவர் கையில் இரண்டு துண்டு மரம்தான் மிஞ்சும்.

மடிப்பு கணுவின் அருகில் இருந்தால் காரணம் வேறு. கணுவைச் சுற்றி இழைகள் விலகி ஓடுவதால் அங்கே மரம் இயல்பாகவே பலவீனம். செதுக்கும்போதே கணுவின் இருபக்கமும் அகலத்தைச் சற்றுக் கூட்டி விட்டிருக்க வேண்டும். இப்போது செய்யக்கூடியது, மற்ற பகுதிகளைத் தளர்த்திக் கணுவை ஓய்வில் விடுவதுதான்.

மடிப்பு மிக ஆழமாக இருந்து, மரமும் மெலிந்துவிட்டால் இந்த வில்லை ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ 20 பவுண்டு வில்லாக மாற்றுங்கள். வேட்டைக்காரருக்கு வேறு மரம் எடுங்கள்.

வயிற்றில் மெல்லிய குறுக்குக்கோடுகள்

விரல் நகம் பட்டால் இடறும் அளவுக்கு, தலைமுடிபோல மெல்லிய கோடுகள் வயிற்றில் குறுக்கே ஓடினால் அங்கே மரத்தின் இழைகள் நசுங்கிவிட்டன. இதுவும் மடிப்பின் பிள்ளைதான்: ஓரிடம் மட்டும் அதிகமாக வளைந்து நெரிபட்டிருக்கிறது. நசுங்கிய இழையை எந்தப் பசையும் மீட்காது. மேலே நூலைச் சுற்றிக் கட்டினால் கோடு மறையும், நோய் மறையாது. முன்பு சொன்னதுபோலவே பக்கத்துப் பகுதிகளுக்குச் சுமையைப் பகிர்ந்துகொடுங்கள். கோடுகள் ஒன்றிரண்டோடு நின்று, நூறு அம்பு எய்தபின்னும் கூடாமல் இருந்தால் அந்த வில் வாழும். ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போனால் அதை யாருக்கும் கொடுக்கக்கூடாது. நீங்களே வைத்துக்கொண்டு எய்யலாம், அது உங்கள் துணிச்சல்.

முதுகில் சிலும்பு எழுகிறது

இது வயிற்றுக்கோட்டைவிட அவசரம். முதுகில் எழும் சிலும்பு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வில்லை இரண்டாக்கும். மேல்பாதி முகத்தை நோக்கி வரும். நாணை உடனே கழற்றுங்கள்.

சிலும்பு சிறியது, ஓரத்தில் மட்டும் என்றால் நீர்த்த சூப்பர் குளூவை அடியில் இறக்கி, அமுக்கிக் காயவிட்டு, பட்டு நூலாலோ லினன் நூலாலோ இருபுறமும் ஓர் அங்குலம் தாண்டி நெருக்கிச் சுற்றி மறுபடியும் பசை ஊட்டுங்கள். சிலும்பு முதுகின் நடுவில் எழுந்து இழையோட்டம் குறுக்கே இறங்குவது தெரிந்தால் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். இனி அந்த வில்லை ஒருவர் கையில் கொடுக்கமுடியாது.

வரக்கூடாத சிலும்பு வந்ததற்குப் பெரும்பாலும் கூர்மையான ஓரங்களே காரணம். முதுகும் பக்கவாட்டும் சேரும் விளிம்பை முதல் வளைவுக்கு முன்பே உருட்டிவிட வேண்டும். முதுகில் அரத்தின் குறுக்குக் கீறல்கள் மிச்சமிருக்கக் கூடாது. உப்புத்தாளை நீளவாக்கில் மட்டும் ஓட்டுங்கள்.

நாண் நடுவில் ஓடாமல் ஒதுங்குகிறது

வில்லை வயிறு உங்களைப் பார்க்க நிறுத்தி நுனியிலிருந்து நோக்கினால் நாண் கைப்பிடியின் நடுவைப் பிளந்து போகவேண்டும். சில மில்லிமீட்டர் ஒதுங்கினால் முதலில் நாண் மாட்டும் பள்ளங்களைப் பாருங்கள். ஒருபுறப் பள்ளத்தைச் சற்று ஆழப்படுத்தினாலே நாண் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். அடுத்துக் கைப்பிடியின் பக்கச் சதை. அகலமான கைப்பிடியில் ஒருபுறம் கூடுதலாகச் செதுக்கி நடுவை மாற்றிக்கொள்ளலாம். சூட்டை எடுப்பதற்கு முன் இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள்.

கையே முறுக்கியிருந்தால் சூடுதான் வழி. அந்தப் பகுதியில் எண்ணெய் தடவி, கைப்பிடியை வைஸில் பிடித்து, ஹீட் கன்னால் நிதானமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் மரம் தொடமுடியாத சூட்டுக்கு வரும்வரை காட்டுங்கள். பிறகு நுனியில் கிளாம்ப் போட்டு, அதையே நெம்புகோலாக்கி, தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டி ஆறவிடுங்கள். கட்டவிழ்த்ததும் கொஞ்சம் திரும்பிவரும். ஈர மரங்களுக்கும் வெளிர் மரங்களுக்கும் நீராவி நல்லது.

சூடு காட்டிய அன்று வில்லை வளைக்கக் கூடாது. அந்தப் பகுதியின் ஈரம் முழுக்க வெளியேறியிருக்கும், வறண்ட மரம் சுள்ளிபோல முறியும். மூன்று நான்கு நாள் சாதாரண அறையில் வைத்திருந்தால் காற்றிலிருந்து வேண்டிய ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும்.

நாணைக் கழற்றியபின்னும் வில் வளைந்தே இருக்கிறது

கூன் விழுந்த வில். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்வரை எல்லா மரவில்லுக்கும் உண்டு, கவலைப்பட வேண்டாம். இரண்டரை அங்குலத்தைத் தாண்டினால் வில் சோம்பலாக எய்யும். இழுக்கும் எடை அதேதான் இருக்கும், அம்பின் வேகம் இருக்காது.

செதுக்கியதில் தவறு தேடுவதற்கு முன் ஈரத்தைத் தேடுங்கள். மரம் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைப் பகிர்ந்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும் அறையில் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 9 விழுக்காட்டில் நிலைக்கும். 65 என்றால் 12. 80 என்றால் 16. ஒசேஜுக்கு 8 முதல் 10 விழுக்காடு பொருத்தம். ஹிக்கரி இன்னும் வறண்டு இருந்தால் நன்றாக வேலை செய்யும், ஈரத்தில் மிகவும் சொதசொதக்கும். ஈரமானி இல்லையென்றால் சமையல் தராசு போதும். பாதி செதுக்கிய வில்லை வாரம் ஒருமுறை எடைபோட்டுத் தேதியோடு அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால், அந்த அறையின் காற்றோடு மரம் சமாதானமாகிவிட்டது. அதன்பிறகு வளைக்கத் தொடங்குங்கள்.

ஏற்கெனவே விழுந்த கூனைச் சூட்டால் நிமிர்த்தலாம். ஆனால் மரம் நசுங்கியதால் விழுந்த கூன் சில நூறு அம்புகளில் பாதி திரும்பிவரும். வெளிர் மரங்களில் வயிற்றுப்பக்கத்தைப் பழுப்பு நிறம் வரும்வரை சூடேற்றினால் நெரிவைத் தாங்கும் வலிமை கூடும், எடையும் சில பவுண்டு ஏறும். ஒசேஜில் அந்த அளவு பலன் கிடைப்பதில்லை.

எடை தப்பிவிட்டது, அல்லது ஆளுக்குப் பொருந்தவில்லை

கூடுதலாக இருந்தால் தொல்லையே இல்லை. இரு கைகளிலும் ஒரே சீராகச் சுரண்டுங்கள். கடைசி இரண்டு மூன்று பவுண்டை உப்புத்தாளே எடுத்துவிடும். குறைவாக இருந்தால் இரு நுனிகளிலும் முக்கால் அங்குலம் வெட்டி, நாண் பள்ளங்களை உள்ளே தள்ளிப் போடலாம். குட்டையான வில் கனமாக இழுக்கும். அதோடு மரத்தின் சிரமமும் கூடும் என்பதால் ஏற்கெனவே கூன் விழுந்த வில்லில் இதைச் செய்யாதீர்கள்.

ஆனால் பரிசு விஷயத்தில் எடை தப்புவதற்கு மரம் காரணமாக இருப்பது குறைவு. சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லில் பழகியவர் "நான் 60 பவுண்டு இழுப்பேன்" என்று சொல்வார், பொய் அல்ல. ஆனால் அந்த வில்லில் இழுப்பின் முடிவில் எடையின் பெரும்பகுதியைச் சக்கரங்கள் வாங்கிக்கொள்கின்றன. 80 விழுக்காடு குறையும் வில் என்றால் அவர் குறிபார்க்கும்போது விரலில் இருப்பது 12 பவுண்டுதான். மரவில்லிலோ முழு இழுப்பில்தான் முழு எடையும் வரும். அவருக்கு 60 பவுண்டு மரவில் செய்தால், நவம்பர் குளிரில் கனத்த உடையோடு மரத்தில் ஏறி உட்கார்ந்து மூன்று மணி நேரம் அசையாமல் காத்திருந்தபின், அவரால் அதைப் பாதிகூட இழுக்க முடியாது. 45 போதும். பென்சில்வேனியா, கொலராடோ போன்ற மாநிலங்களில் மான் வேட்டைக்குக் குறைந்தபட்சம் 35 பவுண்டும் ஒஹாயோவில் 40 பவுண்டும் கேட்கிறார்கள். அவர் எந்த மாநிலத்தில் உரிமம் எடுக்கிறாரோ அங்கே அந்த ஆண்டின் விதியைப் பார்த்துவிட்டு எடையை முடிவு செய்யுங்கள். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி வில்லால் காட்டுவிலங்கை வேட்டையாடவே முடியாது. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே இருப்பவருக்கு இந்த வில் இலக்குப்பலகைக்கு மட்டுமே.

இழுப்பு நீளத்தையும் அவர் வாயால் கேட்டு நம்பாதீர்கள். காம்பவுண்ட் வில்லில் 29 அங்குலம் இழுப்பவர் விரலால் இழுக்கும் மரவில்லில் பெரும்பாலும் ஓர் அங்குலமாவது குறைவாகவே இழுப்பார். இரகசியமாகச் செய்கிறவர்கள் அவருடைய உயரத்தை அங்குலத்தில் எடுத்து 2.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய சரியாக வரும்: 70 அங்குல உயரம் என்றால் 28. வில்லை அதைவிட ஓர் அங்குலம் கூடுதலாகவே இழுத்துப் பழக்கிவையுங்கள். வீட்டுக்கு வரும் அவருடைய நெட்டை மைத்துனர் ஒருநாள் "கொடு பார்க்கலாம்" என்று வாங்கி இழுப்பார்.

இடதுகைக்காரரா என்பதையும் அம்பு வைக்கும் தட்டை வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். வெட்டியபின் தெரிந்தால் அதற்குப் பரிகாரம் இல்லை.

எய்தவுடன் பிடித்த கை அதிர்கிறது, அம்பு ஒதுங்குகிறது

அதிர்ச்சிக்கு முதல் காரணம் கனத்த நுனிகள். கடைசி ஆறு அங்குலத்தைப் பக்கவாட்டில் துணிந்து மெலிதாக்குங்கள். நுனியில் மரம் வளைய வேண்டியதில்லை, நாணைத் தாங்கினால் போதும். இரண்டாவது, எடை குறைந்த அம்பு. இழுப்பின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 கிரெயின் என்ற கணக்கில் 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெயின், அதாவது ஏறக்குறைய 29 கிராம் அம்பு வேண்டும். அதைவிட மெலிந்த அம்பில் மிஞ்சும் விசை வில்லுக்கே திரும்பும். அம்பே இல்லாமல் நாணை விட்டால் முழு விசையும் திரும்பும்; வில் அப்படித்தான் முறிகிறது.

வலதுகைக்காரரின் அம்பு தொடர்ந்து இடப்பக்கம் போனால் அம்புத் தண்டு அளவுக்கு மீறி விறைப்பு. வலப்பக்கம் போனால் அளவுக்கு மீறித் துவளுகிறது. முனையின் எடையைக் கூட்டினால் தண்டு துவளும், குறைத்தால் விறைக்கும். இதற்காக வில்லைச் சுரண்டக் கிளம்பிவிடாதீர்கள்.

கொடுத்தபின் அனுப்பப்படும் புகார்கள்

"எடை குறைந்துவிட்டது" என்பது பெரும்பாலும் ஊர் மாறியதன் விளைவு. வறண்ட டென்வரில் செய்த வில் ஹூஸ்டனின் ஈரக்காற்றுக்குப் போனால் சில வாரங்களில் ஈரம் ஏறித் தளரும். மேல்பூச்சு அந்த ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. அவருடைய ஊர்க் காற்றை முன்பே விசாரித்து, ஈரமான ஊராக இருந்தால் இரண்டு பவுண்டு கூடுதலாக விட்டுச் செய்யுங்கள்; பூச்சையும் பல படலமாகப் போடுங்கள். எதிர்த்திசையில், ஈர ஊரிலிருந்து வறண்ட ஊருக்குப் போகும் வில் எடை ஏறும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் அது மேலும் வறண்டு முறியும் நிலைக்கு வரலாம்.

"கூன் விழுந்துவிட்டது" என்றால் நாணேற்றியபடியே மாட்டி வைத்திருக்கிறாரா, வெயிலில் நிறுத்திய காரில் விட்டாரா என்று கேளுங்கள். "நுனி திருகிக்கொண்டது" என்றால் வில்லைக் காலுக்கு நடுவில் கொடுத்து வளைத்து நாணேற்றுகிறார். இரு நுனியிலும் மாட்டி மிதித்து இழுக்கும் நாணேற்றுக் கயிறு ஒன்றைக் கூடவே கொடுத்திருந்தால் இந்தப் புகார் வராது.

"மிக அழகாக இருக்கிறது, சுவரில் மாட்டியிருக்கிறேன்" என்ற பாராட்டையும் புகாராகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வில் அவருக்குக் கனம், சொல்லக் கூச்சப்படுகிறார். அல்லது அதற்குப் பொருந்தும் அம்பு அவரிடம் இல்லை. காம்பவுண்ட் வில்லின் கார்பன் அம்புகள் இதில் கோணலாகப் போனதும் அவர் வில்லைச் சந்தேகித்துவிட்டார். கனம் என்றால் வாங்கிவந்து ஐந்து பவுண்டு சுரண்டிக் கொடுங்கள், ஒரு மாலை நேர வேலை. அம்பு இல்லையென்றால் அந்த வில்லிலேயே எய்து சோதித்த மர அம்புகள் ஆறு, விரலுறை ஒன்று, மாற்று நாண் ஒன்று அனுப்புங்கள். கூடவே ஒரு சீட்டில் எழுதிவையுங்கள்: 28 அங்குலத்தில் 45 பவுண்டு, 29ஐத் தாண்டி இழுக்கக் கூடாது, நாணேற்றியபின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி 6 அங்குலம், வேலை முடிந்ததும் நாணைக் கழற்ற வேண்டும், மூலையில் சாய்த்து நிறுத்தாமல் இரண்டு முளைகளின் மேல் படுக்கவைக்க வேண்டும்.